தம்பிக்குக் கொண்டுபோன துடிப்பு

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நம் மாதர் சங்க மலருக்கு, "இந்தியா போய்வந்ததை எழுதிக் கொடுங்கள்" என்று தலைவி மூன்று தடவை கேட்டுவிட்டதால் எழுதுகிறேன். நாள் கிழமை முன்பின் மாறியிருக்கும். போய்வந்து நாலு வருஷம் ஆகிறது. அது எண்பத்தி நாலா, எண்பத்தைந்தா என்பதே பாஸ்போர்ட்டைப் பார்த்தால்தான் தெரியும். பாஸ்போர்ட் மகனிடம் இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

நான் கோயில் குளம் பார்க்கப் போகவில்லை. என் தம்பி நாச்சிமுத்துவுக்கு ஒரு சாமான் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரரின் நெஞ்சிலிருந்து எடுத்த பேஸ்மேக்கர்.

அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வெள்ளித் தகடு மாதிரி பளபளவென்று இருக்கும், ஓரமெல்லாம் வழவழப்பு. தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி இதயத்துக்குள் போகும். இதயம் சோம்பி நின்றால் இது ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிடும். என் வீட்டுக்காரர் அதோடு மூன்று வருஷம் இருந்தார். பிறகு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஒரே நாளில் போய்விட்டார். நெருப்பில் வைத்தால் பெட்டி வெடித்துவிடும் என்று ஆஸ்பத்திரியிலேயே அதை எடுத்துவிட்டார்கள். டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளை. "இதில் இன்னும் பல வருஷம் பாக்கி இருக்கிறதம்மா. கம்பி மட்டும் புதிதாகப் போட்டால் இன்னொருவருக்கு ஆகும்" என்றார். அந்த வாரம்தான் தம்பி மகனின் கடிதம் வந்தது. தம்பி வண்டி கழுவும்போது மயங்கி விழுந்துவிட்டானாம், நாடி நிமிஷத்துக்கு முப்பத்தாறுதான் அடிக்கிறதாம், பெட்டி வைக்க வேண்டுமாம், அது நம்மால் ஆகிற காரியமில்லையாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது கடவுளே முடிச்சுப் போட்டுக் கொடுத்தது போல இருந்தது. நானும் கிளம்பிவிட்டேன்.

தம்பியும் நானும் தோட்டத்தில்தான் பிறந்தோம். ஜப்பான்காரன் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். எனக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. அப்போது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. பிறகு முப்பத்தெட்டு வருஷம் கடிதாசிதான்.

இந்தியாவில் விமானம் இறங்கியதும், சுங்க மேசையில் ஓர் இளவயது அதிகாரி பையைத் திறந்து, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்ததைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னம்மா, ரேடியோ சாமானா?"

"என் வீட்டுக்காரரோடதுங்க" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

"சரி, அவர் எங்கே? அவரைக் கூப்பிடுங்க."

நான் டாக்டர் கொடுத்த ஆங்கிலக் காகிதத்தை நீட்டினேன். படித்தார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, இரண்டு கையாலும் டப்பாவை மூடிக் கொடுத்தார். "போங்கம்மா, பார்த்துப் போங்க" என்றார்.

சேலம் பஸ் நிலையத்தில் தம்பி மகன் செல்வராசு நின்றிருந்தான். முப்பது வயது, லாரி டிரைவர். "வாங்க அத்தை" என்று காலைத் தொட்டுவிட்டுப் பையை வாங்கப் போனான். நான் விடவில்லை. "பெட்டி அதுலதான் இருக்குதுங்களா?" என்றான். தலையை ஆட்டினேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

அவனுடைய லாரியிலேயே ஊருக்குப் போனோம். ஏறுவதற்கே ஒரு பாடுபட்டேன். பின்னால் ஜவ்வரிசி மூட்டை. வழியெல்லாம் சிமெண்டுக் களங்களில் வெள்ளையாகக் காயப்போட்டிருந்தார்கள். குச்சிக்கிழங்கிலிருந்து எடுப்பதாம். குச்சிக்கிழங்கு என்றால் நம் மரவள்ளிதான். சண்டைக் காலத்தில் அதைத் தின்று தின்று கால் வீங்கியவள் நான். இங்கே அதைப் பாயசத்துக்கு முத்து முத்தாக்கி ஊர் ஊராக அனுப்புகிறார்கள். எங்கள் பக்கம் எங்கு திரும்பினாலும் பச்சை, மத்தியானமானால் மழை. இங்கே வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி கிடந்தது.

ராசிபுரம் தாண்டியதும் பேன் பெல்ட் அறுந்து வண்டி நின்றது. புளியமரத்தடியில் என்னை உட்காரவைத்துவிட்டுச் செல்வராசு வேலை பார்த்தான். சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால், "எத்தனை வருச வண்டி, சாமி?" என்று கேட்டேன்.

"அப்பா வாங்குனதுங்க. இருவது வருசம் ஆச்சு. எஞ்சின் ரெண்டு தடவை மாத்தியாச்சு. கியர் பாக்ஸ் மாத்தியாச்சு. பாடி போன வருசம் நாமக்கல்ல புதுசாக் கட்டுனதுங்க."

"அப்புறம் பழசுன்னு என்னதான் இருக்குது இதுல?"

சிரித்தான். "சேசிஸ் இருக்குதுங்களே, அடிச்சட்டம். அதுல நம்பர் அடிச்சிருக்கும். அது இருக்கிற வரைக்கும் அதே வண்டிதானுங்க. சர்க்காரே ஒத்துக்கும்." பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னான்: "அப்பாவுக்கும் ஒரு சாமான் மாத்துறோம், அவ்வளவுதான். நீங்க அப்படியே அவருகிட்டச் சொல்லிப்போடுங்க அத்தை. நாங்க சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு."

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. தம்பிக்கு விருப்பமில்லை என்று யாரும் எனக்கு எழுதவில்லை. கடல் தாண்டி வந்தாகிவிட்டது.

மோகனூர்ப் பக்கம் காவிரியிலிருந்து இரண்டு மைல் தள்ளி அவர்களுடைய காடு. காடு என்றால் மரம் நிறைந்த இடமில்லை, மேட்டு நிலம். அதற்குள்தான் வீடு. தம்பி கிணற்று மேட்டிலிருந்து வந்தான். முப்பது அடி எடுத்துவைக்கிற தூரத்துக்கு இரண்டு இடத்தில் நின்றான். அப்பாவின் நெற்றி, அப்பாவின் காது.

"வாங்கக்கா" என்றான். முகத்தையே பார்த்துவிட்டு, "என்னுங்க இவ்வளவு குட்டையாப் போயிட்டீங்க? நெட்டையான அக்கான்னுல்ல ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன்" என்றான். அழுவதற்கு வாய் திறந்தவள் சிரித்துவிட்டேன்.

அவன் பெண்டாட்டி பாவாயி என்னை "நங்கை" என்று கூப்பிட்டாள். புருஷனின் அக்காவை இந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அன்றைக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கி, மேலே நெய் ஊற்றி வைத்தாள். மறுநாள் கம்பஞ்சோறும் மோரும். எனக்குப் பல் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கம்பைக் கரைத்தே கொடுத்தாள். ஆள் வாய்த்துடுக்கு, கை இளக்கம். "உங்க தம்பிக்கு நாடியே கெடையாது நங்கை, புடிவாதம் மட்டுந்தான் ஓடுது" என்றாள், அவன் காதில் விழும்படி.

பெட்டியை அன்று காட்டவில்லை. பூஜை அறை அலமாரியில் வைக்கப் போனேன். பாவாயி தயங்கினாள். செத்தவர் உடம்பில் இருந்தது, சாமி பக்கத்தில் வைக்கலாமா என்று. நெல் குதிர் இருக்கும் அறையில் ஒரு மாடத்தில் வைத்தோம்.

இரண்டாம் நாள் தம்பி என்னைப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்குக் கூட்டிப்போனான். நாமக்கல் பக்கம் அப்போது புதிது புதிதாகப் பண்ணைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் கோழி என்றால் குப்பையைக் கிளறும், கத்தும், விரட்டினால் ஓடும். இங்கே கம்பிக் கூண்டில் வரிசை வரிசையாக வெள்ளைக் கோழிகள், திரும்பக்கூட இடமில்லை. மூக்கு நுனியைத் தீய்த்திருந்தார்கள், ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க. பொழுது சாய்கிற நேரம், பண்ணைக்காரர் எல்லா விளக்கையும் போட்டார்.

"எதுக்குங்க இத்தனை வெளிச்சம்?" என்று கேட்டேன்.

"பகல் இன்னும் முடியலைன்னு நெனச்சுக்கும்மா. அப்பத்தான் முட்டை கூடுதலா வைக்கும். நாட்டுக்கோழி எல்லாம் இதுங்ககிட்ட நிக்க முடியாது. இது மேம்படுத்துன சாதி" என்று பெருமையாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது தம்பி வரப்பில் நின்று மூச்சு வாங்கினான். "பாத்தீங்களாக்கா? முட்டை கூடுச்சு. கோழி கூடுச்சா?"

அவன் மூச்சு ஆறியதும் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். செல்வராசு, பாவாயி எல்லோரும் சுற்றி நின்றார்கள். தம்பி அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான், காதில் வைத்துப் பார்த்தான்.

"சத்தமே இல்லீங்களே. ஓடுதுங்களா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்குமாம். வெளிய தெரியாது."

"மாமன் நெஞ்சுல இருந்ததா இது?" என்றான் மெதுவாக. என் வீட்டுக்காரரை அவனுக்கு மிகவும் பிடிக்கும். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். "மாமன் போறப்ப இது என்ன பண்ணுச்சுங்கக்கா?"

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். வாழ்நாளெல்லாம் கேட்டாலும் பேசாதவள், அன்று கேட்டவுடன் உள்ளதைச் சொல்லிவிட்டேன். டாக்டர் வந்து பார்த்து அவர் போய்விட்டார் என்று சொன்ன பிறகும், தலைமாட்டில் இருந்த டிவி மாதிரிப் பெட்டியில் சின்னச் சின்னக் கோடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. இதயம் நின்றுவிட்டது, பெட்டி மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறது, அது வெறும் மின்சாரம்தான் என்று நர்ஸ் விளக்கினாள். அவள் வந்து அணைக்கிறவரை நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு அவர் கையைப் பிடித்திருந்தேன். இதை அப்படியே சொன்னேன். மின்சாரம் என்ற விளக்கத்தையும் சொன்னேன். ஆனால் அது யார் காதிலும் ஏறவில்லை.

தம்பி பெட்டியை டப்பாவில் வைத்து மூடினான். "ஆளு போன பொறவும் கதவைத் தட்டிக்கிட்டே இருந்திருக்குது" என்றான்.

"நாச்சி, மூணு வருசம் கொடுத்துச்சு சாமி. பேரன் நடக்கிறதைப் பாத்தாரு. இல்லைன்னா பாத்திருக்க மாட்டாரு" என்றேன்.

"அது சரிதானுங்க. நான் குத்தம் சொல்லலை."

மறுநாள் முழுக்க விவாதம். நான் ஒரே ஒரு நல்ல கேள்வி கேட்டேன். அதுவும் பாவாயி தூண்டிவிட்டதுதான். "பல்செட் போட்டிருக்கிறே, மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறே. அதெல்லாம் கடவுள் கொடுத்ததா? மனுசன் செஞ்சதுதானே? அதை ஏத்துக்கிட்டவன் இதை ஏன் ஏத்துக்க மாட்டேங்குறே?"

அவன் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினான், குழந்தை மாதிரி. "இது நான் மென்னா மெல்லும். நான் சும்மா இருந்தா இதுவும் சும்மா இருக்கும். கண்ணாடியும் அப்படித்தான். உங்க பெட்டி நான் சும்மா இருந்தாலும் சும்மா இருக்காது. அது என்னை ஓட்டும். முப்பது வருசம் வண்டி ஓட்டுனவன் நான். ஸ்டீயரிங்கை இன்னொருத்தன் கையில குடுத்துட்டுப் பக்கத்துல உக்கார எனக்கு வராதுங்க."

செல்வராசு, "வண்டிக்கு மட்டும் எஞ்சின் மாத்துனீங்களே அப்பா?" என்றான்.

"மாத்தச் சொன்னது நான். வண்டி கேக்கலை. வண்டியாட்டம் நானும் வாயில்லாம கெடந்தா மாத்திக்க."

நான் மறுபடி ஊமையானேன். அதற்குச் சரியான பதில் ஒன்று உண்டு. 'உன் சொந்த இதயம் மட்டும் உன்னைக் கேட்டுக்கொண்டா அடிக்கிறது? அதன் ஸ்டீயரிங் எப்போது உன் கையில் இருந்தது?' என்று கேட்டிருக்கலாம். இந்தப் பதில் எனக்குத் திரும்பி வரும் விமானத்தில்தான் தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். படித்தவர்களுக்கு இதெல்லாம் நேரத்துக்குத் தோன்றும் போலிருக்கிறது.

கடைசியில் பாவாயிதான் வழி சொன்னாள். "நீங்களும் பேச வேண்டாம், நாங்களும் பேச வேண்டாம். ஆத்தாகிட்டப் பூவாக்குக் கேட்டுப்போடலாம்." தம்பி உடனே சரி என்றான். எனக்கு உயிர் வந்தது.

பூவாக்கு நம் பக்கம் பலருக்குத் தெரிந்திருக்காது. இந்த ஊர்க்காரர்கள் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் குலதெய்வத்திடம் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி வேப்பிலையில் சுற்றிச் சாமி முன்னால் போடுவார்கள். காரியம் யாருடையதோ அவர் மனசுக்குள் கேட்டுக்கொள்வார். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். வந்ததை மீற மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். வயலுக்கு நடுவில் சின்ன ஓட்டுக் கட்டடம். இரட்டை மாட்டு வண்டியில் தம்பியை உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். வழியில் எங்கேயோ ஆழ்கிணறு போடுகிற ரிக் வண்டி பூமியைக் குடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் மாட்டு வண்டிக்காரர், "நானூறு அடி போயும் புழுதிதானுங்க வருது" என்று யாரிடமோ கத்திச் சொன்னார்.

பூசாரி பொட்டலத்தைக் குலுக்கிப் போட்டார். தம்பி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றான், நெடுநேரம். செல்வராசு பிடித்துக்கொண்டான். பூசாரி பேத்தி, மூக்கு ஒழுகுகிற சின்னப் பெண், ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள்.

வெள்ளை அரளி.

பாவாயி குலவையிட்டாள். நான் அந்தக் குழந்தையைத் தூக்கி முத்தமிட்டேன். தம்பியும் சிரித்தான். மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியவனைப் போலச் சிரித்தான். திரும்பும் வழியில் செல்வராசு எந்த ஊர் ஆஸ்பத்திரி, எந்த நாள் என்று பேசிக்கொண்டே வந்தான். தம்பி வண்டிச் சட்டத்தில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தான். அன்றைக்குப் பச்சைப்பயறு கடைந்து, வடை சுட்டு, எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். நான் மாடத்திலிருந்து டப்பாவை எடுத்து, புதுத் துணியில் சுற்றி, அவன் பையில் வைத்தேன்.

"அதை எதுக்குங்கக்கா என்ற பையில வெக்கிறீங்க?" என்றான் தம்பி.

"ஆஸ்பத்திரிக்குப் போகணுமே சாமி. ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளே."

அவன் என்னையும் பாவாயியையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கும் அப்போதுதான் புரிந்திருக்கிறது.

"நான் கேட்டது அது இல்லீங்களே. 'இது இல்லாமயே இருந்துக்கட்டுமா ஆத்தா'ன்னுல்ல கேட்டேன்."

அவன் என்ன கேட்கப்போகிறான் என்று யாருமே அவனிடம் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. மனசுக்குள் கேட்பதை வெளியே கேட்கக் கூடாது. ஒரே பூவை நான் ஒரு கேள்விக்கும் அவன் வேறு கேள்விக்கும் வாங்கிக்கொண்டு வந்திருந்தோம்.

செல்வராசு, "மறுபடி போய்க் கேக்கலாம் அப்பா. இந்தத் தடவை வாய்விட்டுக் கேளுங்க" என்றான்.

"ஒருக்காக் குடுத்ததை மறுக்காக் கேட்டா, அவளை நம்பலைன்னு ஆகும்டா."

பாவாயிக்குத்தான் ஆத்திரம் வந்தது. கரண்டியைத் தரையில் போட்டாள். "முப்பது வருசம் இந்த மனுசன் எனக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் புருசன். மிச்ச ஆறு நாளும் லாரிக்குத்தான். இப்பத்தான் ஊட்டுல நிக்கிறாரு, அதுக்குள்ள ஆத்தாகிட்ட லீவு கேட்டு வாங்கிட்டு வந்திருக்கிறாரு பாருங்க நங்கை!"

"லீவு இல்ல பாவாயி" என்றான் தம்பி. "சர்வீசு முடிஞ்சுது."

"உங்க சர்வீசு முடிஞ்சுது. என்ற சர்வீசு?"

தம்பி கரண்டியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நான் வெளியே போய் மாட்டுத்தொட்டி ஓரமாக நின்று அழுதேன். அந்தக் கோடு எழும்பியதை நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் வேறு மாதிரிக் கேட்டிருப்பானோ என்பதுதான் என் அழுகை. இன்றைக்கும் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்து பக்கத்தில் நின்றான். "உங்களாலதான்னு நெனக்காதீங்கக்கா. நீங்க சொல்றதுக்கு முந்தியே எனக்கு அந்த எண்ணம்தான். நீங்க சொன்னதுல எனக்குப் பேச ஒரு வார்த்தை கெடைச்சுது, அவ்வளவுதான்." என் மனசுக்காகச் சொன்னானா, நிஜமா, தெரியவில்லை. பிறகு, "எனக்கு வேண்டாம்னா யாருக்கும் வேண்டாம்னு அர்த்தமில்லீங்க. சேலத்துல என்னைப் பாத்த டாக்டர் பல பேரு காத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னாரு. போறப்ப அங்க குடுத்துட்டுப் போங்க" என்றான்.

இன்னும் நாலு நாள் இருந்தேன். அந்த நாலு நாளில் யாரும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. தம்பியும் நானும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து தோட்டத்துக் கதை பேசினோம். ரப்பர் பால் நாற்றம் அவனுக்கு மறந்துவிட்டதாம், மாமனின் சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் நினைவில் இருக்கிறதாம். கிளம்பும் நாள் பஸ் வரைக்கும் வருகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். "போயிட்டு வாரேன்" என்றேன். "வாங்கக்கா" என்றான். இரண்டு பேருக்கும் தெரியும்.

சேலத்தில் டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு வார்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே அயோத்தியாப்பட்டணத்துப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். பெயர் சாந்தி. இருபத்திரண்டு வயது இருக்கும். புருஷன் தறி ஓட்டுகிறானாம். பக்கத்தில் ஆறு மாதக் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு மயங்கி மயங்கி விழுகிறாளாம். இங்கே வைக்க மாட்டார்கள், பெரிய ஊருக்கு அனுப்பித்தான் வைக்க வேண்டும், ஏற்பாடு செய்கிறேன் என்று டாக்டர் சொன்னார்.

அவள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "யாருதும்மா இது?"

"என் வீட்டுக்காரரோடது."

"நல்ல மனுசரா?"

"நல்ல மனுசர்தான். ரசத்துல புளி கூடினாத் தட்டைத் தள்ளிவிடுவாரு."

"ஐயையோ, அந்தக் கோவம் எனக்கு வந்துடாதே?" என்றாள்.

பக்கத்தில் நின்ற அவள் மாமியார், "வந்தா வரட்டும்டி. உனக்கு ரசம் வெக்கிறது நான்தானே, நான் பாத்துக்கிறேன்" என்றாள். வார்டே சிரித்தது. எனக்கு மட்டும், அந்தப் பெண்ணைத் தம்பி ஒரு தடவை பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று தோன்றியது. டப்பாவை அவள் கையில் வைத்தேன். முதல் முறையாக என் பை எடையில்லாமல் இருந்தது. அந்தக் கனம் இல்லாமல் நடக்கவே வரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தியைப் பற்றித் தம்பிக்குக் கடிதம் போட்டேன். நாலு மாதம் கழித்துச் செல்வராசு கடிதம் எழுதினான். தம்பி பங்குனியில் போய்விட்டான். கடைசி மூன்று நாள் மூச்சுக்குக் கஷ்டப்பட்டிருக்கிறான். கடிதத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்: "அக்கா கொண்டாந்த பெட்டி இருக்குதான்னு ரெண்டு தடவை கேட்டாருங்க அத்தை. சேலத்துல குடுத்தாச்சேன்னு சொன்னேன். அப்புறம், அந்தப் புள்ளை நல்லா இருக்குதான்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுங்க. ஆனா நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

இதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. முதலில் அவன் பெட்டி இருக்கிறதா என்று கேட்டது, வேண்டும் என்றுதானா? தெளிந்த காலையில் கோயிலில் நின்றவன் சொன்னது அவன் சொல்லா, மூச்சு முட்டும்போது கேட்டவன் சொன்னது அவன் சொல்லா? வண்டிக்கு நம்பர் அடித்த இடத்தைச் செல்வராசு சொன்னான். மனுஷனுக்கு அதை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் கேட்டால் இரண்டும் என் தம்பிதான் என்பேன்.

இதில் ஊர்ப் பெயர், தூரம், எந்த நாள் எது நடந்தது என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் யாராவது கட்டாயம் சரிபார்க்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஆயுள் மொத்தம் எட்டு வருஷமா பத்து வருஷமா என்று டாக்டர் சொன்னது எனக்கு மறந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் மூன்று வருஷம் ஓடியதைக் கணக்கில் சேர்த்தார்களா என்றும் தெரியாது. சேர்க்காமல் விட்டிருந்தால் இப்போது முடிகிற நேரம். நம் சங்கத்தில் யாராவது சேலம் பக்கம் போனால், அயோத்தியாப்பட்டணத்தில் தறி ஓட்டுகிறவர் மனைவி சாந்தி, குழந்தைக்கு இப்போது நாலு வயதுக்கு மேல் இருக்கும், விசாரித்து இதைச் சொல்லுங்கள். அவள் நேரத்தோடு வேறு மாற்றிக்கொள்ளட்டும். செல்வராசு என் தம்பியிடம் சொன்னது உண்மைதானா என்றும் அப்படியே பார்த்து எனக்கு எழுதுங்கள்.